ஆறு லாரிகளும் ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டும்

பட்டறை மேற்பார்வையாளருக்கு அன்று காலை எட்டு மணிக்கே போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டு பஞ்சர், ஒரு பேட்டரிக் கோளாறு, அது போதாதென்று மேனேஜரின் மூன்றாவது போன். இருபத்தாறு வருஷம் லாரிகளுக்கு அடியில் படுத்து எழுந்த முதுகு, நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலித்தது.

மேசையில் லாரி தயாரித்த கம்பெனியின் கடிதம் ஒரு மாதமாகக் கிடந்தது. கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரங்களைச் சுழற்றும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் போல்ட்டுகள் ஓட்டத்தில் தளர்கின்றன. ஷாஃப்ட் கழன்று விழுந்தால் பக்கத்திலிருக்கும் பிரேக் குழாயையும் அறுத்துவிடும். உங்களிடமுள்ள ஆறு லாரிகளையும் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்.

"ஒவ்வொரு வண்டியும் ரெண்டு நாள் நிக்கணுமாம். அதுவரைக்கும் நாம என்ன ஈ ஓட்டுறதா? மாத்தியாச்சுன்னு எழுதிடுங்க. அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மேனேஜர் அப்போதே சொல்லிவிட்டார். அந்த அலுவலகத்தில் 'அப்புறம்' என்று ஒன்று வந்ததே இல்லை.

போல்ட்டை மாற்றியதும் அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பது சர்வீஸ் சென்டரின் வழக்கம். மேற்பார்வையாளர் ஒரு சின்ன டப்பா பெயிண்ட் வாங்கிவந்து, ஆறு லாரிகளுக்கும் தானே பொட்டு வைத்து, மாற்றியாகிவிட்டது என்ற படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. மல்லுக்கு நிற்கத் தெம்பில்லாத மனுஷர். பாதித் தப்பு இப்படிப்பட்டவர்கள் கையால்தான் நடக்கிறது, என்ன செய்ய.

பதினொரு மணிக்கு அவருடைய தங்கையின் கணவர் போன் செய்தார். அந்த ஆறில் ஒன்றுக்கு அவர்தான் டிரைவர்.

"மச்சான், மலை இறக்கத்துக்கு முன்னாடி டீ குடிக்க நிறுத்தியிருக்கேன். கியர் மாத்துறப்போ அடியில டக்குடக்குன்னு சத்தம். குனிஞ்சு பார்த்தேன், மஞ்சப் பொட்டு இருக்கு. சரி, புது போல்ட்தானேன்னு விட்டுட்டேன். இறங்கிடவா?"

மேற்பார்வையாளரின் பார்வை மேசையில் கிடந்த கடிதத்துக்குப் போனது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், வீட்டில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது?

"இறங்காதீங்க மாப்பிள்ளை. போல்ட்டை மாத்தல. அந்தப் பொட்டை நான்தான் வெச்சேன்."

போனைக் கீழே வைத்துவிட்டு லாரிக்கு அடியில் ஊர்ந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிவந்து பேசியபோது மாப்பிள்ளையின் குரல் களைத்திருந்தது.

"எட்டு போல்ட்ல மூணு கையாலேயே சுத்துது மச்சான். பொட்டு இல்லாம இருந்திருந்தா அப்பவே கையை வெச்சுப் பார்த்திருப்பேன். உங்களை நம்பித்தான் பார்க்காம விட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மற்ற ஐந்து டிரைவர்களுக்கும் போன் போட்டு, நிற்கிற இடத்திலேயே வண்டியை நிறுத்தச் சொன்னார். லாரி தயாரித்த கம்பெனிக்கும் நடந்ததை மறைக்காமல் எழுதி அனுப்பினார். அதற்குள் சேதி கேட்டு மேனேஜர் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்.

"உங்க மாப்பிள்ளைதான் தப்பிச்சிட்டாரே. அந்த ஒரு வண்டியை மட்டும் மாத்துங்க, மத்ததை விடுங்க. படிவத்துல இருக்கிறது உங்க கையெழுத்து, ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார். என் வேலை போறதா இருந்தா போகட்டும்" என்றார் மேற்பார்வையாளர். "மத்த அஞ்சு வண்டியிலயும் யாரோ ஒருத்தியோட புருஷன்தான் உட்கார்ந்திருக்கான். வண்டியில பழுது இருந்தா ஓட்டுறவன் ஜாக்கிரதையா இருப்பான். பழுதே இல்லைன்னு நாம பொய்க் கையெழுத்துப் போட்டா, அவன் ஜாக்கிரதையையும் சேர்த்துப் பறிச்சிடுறோம். அது கொலை சார்."