விவாகரத்துப் படகில் இருவர்

இருவர் உட்காரும் கயாக் என்ற துடுப்புப் படகுக்கு எங்கள் ஏரி வழிகாட்டிகள் வைத்திருக்கும் பெயர் விவாகரத்துப் படகு. முன்னால் இருப்பவர் வேகத்தைத் தீர்மானிப்பார், பின்னால் இருப்பவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். முன்னவருக்குப் பின்னவரின் குரல் மட்டும்தான் கேட்கும். அமெரிக்காவின் வயோமிங்கில் இருக்கும் இந்த ஏரிக்கு வரும் தம்பதிகளில் பாதிப் பேர் கரை திரும்புவதற்குள் பேச்சை நிறுத்தியிருப்பார்கள்.

ஓரின் முப்பது வருடம் வடக்கு டக்கோட்டாவில் தலைமையாசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கு மட்டும்தான் தெரியும். உயிர்காப்புச் சட்டை மாட்டுவது எப்படி என்று எனக்கே பாடம் எடுத்தார். அவர் மனைவி மார்லிஸ் என்னைத் தனியே அழைத்தார்.

"டெல், ஏப்ரல்ல அவருக்குப் பக்கவாதம் வந்துச்சு. இடது கை இன்னும் சரியாப் பிடிக்காது. டாக்டர் போகலாம்னுட்டார். ஆனா நடுவுல யாராவது உங்களால முடியாதுன்னு சொல்லிட்டா, அப்புறம் வீட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்."

"காத்து பதினொண்ணரைக்கு மேலதான் வரும். அதுக்குள்ள திரும்பிடலாம்," என்றேன்.

போகும்போது வெந்நீர் ஊற்று உருவாகும் விதத்தை, முன்னால் உட்கார்ந்திருந்த ஓரின் பக்கத்துப் படகில் வந்த எனக்கு விளக்கினார். இருபத்திரண்டு வருடமாக அதைச் சொல்லித்தான் நான் சாப்பிடுகிறேன். ஆனால் கரையோரம் ஆவி கிளம்பும் இடத்தில், ஐஸ் மாதிரியான தண்ணீருக்கடியில் ஒரு நீலக் குழி கொதிப்பதைப் பார்த்ததும் துடுப்பை நிறுத்திவிட்டுப் படகின் ஓரம் குனிந்தார்.

"மார்லிஸ், பசங்களுக்கு நான் சும்மா கரும்பலகையில ஒரு வட்டம் போட்டுக் காமிச்சேன்," என்றார் மெதுவாக.

"அவங்களும் அதைப் பார்த்து எழுதித்தான் பாஸானாங்க. விடுங்க."

காற்று பத்தரைக்கே வந்துவிட்டது. ஓரினின் துடுப்பு வலப்பக்கம் தண்ணீரில் விழுந்தது. இடப்பக்கம் காற்றைத் தடவியது. படகு திரும்பத் திரும்ப அலைக்குக் குறுக்கே போய் நின்றது. கவிழ்ந்தால் அந்தக் குளிரில் இருபது நிமிடம் தாங்குவதே பெரிய விஷயம். கட்டி இழுத்தே ஆக வேண்டும். இழுவைக் கயிறு என் படகிலிருந்து நேரே அவர் கண்ணெதிரில் வந்து நிற்கும், மறைக்க வழியில்லை.

"ஓரின், மார்லிஸ் களைச்சுப் போயிட்டாங்க. உங்க படகை நான் இழுக்கறேன்."

தினமும் ஒரு மைல் நீந்துகிற அந்த அம்மாள் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு, "சுத்தமா முடியலப்பா," என்று முனகினார்.

"காலையில ஓட்ஸ் சாப்பிடச் சொன்னேன், கேட்டியா?" என்றார் ஓரின். "சரி, நீ சும்மா உக்காரு. நான் பாத்துக்கறேன்."

கரை சேர்ந்ததும் படகுத்துறையில் நின்ற அத்தனை பேரிடமும் மனைவிக்கு ஏரிக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிவித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"டெல், நாளைக்கும் ரெண்டு பேருன்னு எழுதிக்கோ. ஏழு மணிக்கே கிளம்பிடலாம். இவ கொஞ்சம் பழகணும்."

மார்லிஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின.

"குளிருதா?" என்று கேட்டு, ஓரின் அவருடைய கோட்டுப் பொத்தானைப் போட இடது கையை நீட்டினார். மூன்று முறை நழுவியது. மார்லிஸ் உதவவில்லை. அவசரமே இல்லாதவர்போல ஏரியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.