வாசலுக்கு வந்த தள்ளுவண்டி

தீவு நகரத்தின் ஷாதிபூரில் ஒரு சந்துக்கு முனிசிபல் போர்டு இரண்டு வழி சொல்லியிருந்தது. சந்து முனையில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டித் தருவார்கள். எல்லோரும் குப்பையை அங்கே கொட்ட வேண்டும், வாரம் ஒருமுறை லாரி வந்து அள்ளும். இல்லாவிட்டால் தினமும் காலையில் தள்ளுவண்டி வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டு போகும். வண்டிதான் வேண்டுமென்றால் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஹபீப் முகம்மது கடை முன்னால் முடிவைக் கேட்டுக்கொள்வதாக போர்டு மேஸ்திரி பன்னீர்செல்வம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து, சந்துக்குப் பால் ஊற்றும் ஜெயமணிக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே பசு. அந்தச் சந்தின் அடுப்படிகளால்தான் அது வயிறு வளர்த்தது. கழனித்தண்ணி, காய்த்தோல், மீந்த சோறு எல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு டின்னில் சேரும். சாயங்காலம் எடுத்துவந்து பசுவுக்கு வைப்பாள். மறுநாள் பால் அதே வீடுகளுக்குப் போகும். புண்ணாக்கு கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும், கப்பல் எப்போது வரும் என்பது கப்பலுக்கே தெரியாத காலம் அது. விடிந்ததும் வண்டி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனால் சாயங்காலம் டின்னில் என்ன இருக்கும்? பசு பட்டினி கிடந்தால் அவளும் பட்டினிதான்.

தொட்டியே போதும் என்று சொல்லிவிடலாம். அவள் ஒருத்தி சொன்னாலே போதும். ஆனால் அதற்கு வாய் வர வேண்டுமே! சந்து இருந்த லட்சணம் அவளுக்குத் தெரியாதா? மழை பெய்தால், சாக்கடையில் கொட்டியதெல்லாம் திரும்பி வாசலுக்கே வந்து நலம் விசாரிக்கும். பெருச்சாளிகள் மனிதர்களுக்கு ஒதுங்கி வழிவிடுவதைக்கூட நிறுத்திவிட்டன. போன மாதம் ஹபீப் முகம்மதின் மகள் சம்சாத் உடைந்த பாட்டிலை மிதித்து, காலில் தையலோடு திரும்பியிருந்தாள். அந்த ஹபீப் முகம்மதுதான், ஜெயமணியின் புருஷன் குழந்தைவேலு மரம் விழுந்து செத்த வருஷம், அக்கரையில் இருந்த பாம்பூஃப்ளாட்டுக்குப் போய் ஒரு கன்றுக்குட்டியை வாங்கி, ஃபெரியில் ஏற்றி, அது தன் கைலியை நனைத்ததையும் பொறுத்துக்கொண்டு, கொண்டுவந்து கட்டியவர். அந்தக் கன்றுதான் இந்தப் பசு. சொந்தபந்தமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தபோது இந்தச் சந்துதான் அவளுக்குச் சோறு போட்டது. உயிருள்ளவரை மறக்கக்கூடிய உதவியா அது?

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி கேட்டார்: "வண்டி வேணுங்கிறவங்க கையைத் தூக்குங்க."

முதலில் உயர்ந்தது ஜெயமணியின் கை. யோசிக்க ஆரம்பித்தால் தூக்கமாட்டோம் என்று அவளுக்குத் தன்மேலேயே பயம். பிறகு எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"டீக் ஹை, சரி" என்று மேஸ்திரி எழுந்தார். "நாளையிலேருந்து சப் கச்சரா, எல்லாக் குப்பையும், வண்டியிலதான். தோலு, சோறு, ஒண்ணு விடாம."

"சோறா?" என்றாள் ஹபீப் முகம்மதின் மனைவி ரஹ்மத்துன்னிசா. "அது எதுக்கு வண்டிக்கு? அது ஜெயமணியக்கா மாட்டுக்குல்ல!"

"எல்லாம் கச்சராதானேம்மா?"

"நல்லாருக்கே! சோத்தைப் போயி கச்சராங்கிறீங்க. டப்பா, பாட்டிலு, சாம்பலு, அதையெல்லாம் அள்ளிட்டுப் போங்க. மாட்டோட பங்குல கைய வச்சா, காலையில பாலை நீங்களா கொண்டாந்து ஊத்துவீங்க?"

சந்தே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்துவிட்டார். வண்டிப் பாரம் குறைந்தால் அவருக்கென்ன நஷ்டம்!

ஜெயமணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரமாக அவள் மருகி மருகிப் பயந்த விஷயம் இத்தனை வீட்டில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவே இல்லை. அவளுடைய பசுவின் தீனியைக் குப்பையோடு சேர்த்து நினைத்தது, அந்தச் சந்திலேயே அவள் ஒருத்திதான்.

ரஹ்மத்துன்னிசா அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். "ஏங்க்கா, அதையும் வண்டியில போட்டுருவோம்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

"அப்புறம் ஏன் கையைத் தூக்குனீங்க?"

"சம்சாத்து காலு..." என்று ஆரம்பித்தாள் ஜெயமணி. ரஹ்மத்துன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், கடைக்கு ஆள் வந்து கூப்பிடும்வரை விடவில்லை.

மறுநாள் காலை மணியடித்துக்கொண்டு வண்டி வந்தது. தள்ளி வந்தவன் அப்பாராவ் என்ற தெலுங்குக்காரன். வீட்டுக்கு வீடு டப்பாவும் பாட்டிலும் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தவன், ஜெயமணி வீட்டு வாசலில் நின்று, கைப்பிடியில் தனியாகத் தொங்கிய ஒரு சாக்கை அவிழ்த்து இறக்கினான். உள்ளே முட்டைக்கோஸ் இலையும் வாழைத்தண்டும் பச்சைப்பசேலென்று இருந்தன.

"பஜார்லே மிச்சம், அம்மா. மேஸ்திரி சொன்னாரு. மாட்டுக்கு வை. டெய்லி கொண்டு வரேன்."

எந்த வண்டியை நினைத்து அவள் பயந்தாளோ, அந்த வண்டியே பசுவுக்குத் தீனியும் கொண்டுவந்து இறக்கிவிட்டது. ஜெயமணி வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்பாராவ் தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மிரண்டுபோய், வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அன்று கறந்த பாலில் ஜெயமணி ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. அதற்கு முந்தி ஊற்றினாளா என்று கேட்காதீர்கள். அன்று ஒவ்வொரு வீட்டிலும் காப்பி கொஞ்சம் கெட்டியாக இருந்தது, அவ்வளவுதான்.