எபோவின் காபிக் காசு

எங்கள் ஊர் ஆண்கள் மின்சாரக் கட்டணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். காபிக்குக் காசு கொடுப்பது என்று வந்துவிட்டால் மட்டும் ஒருவர் கையை ஒருவர் முறுக்குவார்கள். கழிவறைக்குப் போகிற மாதிரி எழுந்து வந்து என் கையில் நோட்டைத் திணிப்பவன் உண்டு. உள்ளே நுழையும்போதே எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு உட்காருபவன் உண்டு. ஒருமுறை இதற்காகவே இரண்டு சம்பந்திகள் சட்டையைக் கிழித்துக்கொண்டு, பெயரனின் ஞானஸ்நானம் வரை முகம் பார்க்காமல் இருந்தார்கள். மைதானத்து வாசலுக்கு எதிரே நான் காபிக்கடை வைத்திருக்கிறேன். புருஷன் கிரீஸுக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். இரண்டு பையன்களும் ஜெர்மனியில். இந்த ஆண்பிள்ளைகளின் கூத்தைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

இந்தக் கூத்தில் தினமும் தோற்றவன் எபோ.

எபோ கானாக்காரன். எங்கள் கால்பந்து அணிக்கு முன்வரிசையில் ஆட வந்தவன். வருடா வருடம் நாலைந்து வெளிநாட்டுப் பையன்கள் வருவார்கள். பிரேசில், நைஜீரியா, செனகல் என்று. முதல் பிரிவில் ஒரு பருவம் ஆடுவார்கள். நல்ல இடம் அமைந்தால் பறந்துவிடுவார்கள், அமையாவிட்டாலும் போய்விடுவார்கள். பெயர் வாயில் படிவதற்குள் ஆள் மாறிவிடும். எபோ மட்டும் நான்கு வருடம் இருந்தான். நாட்டின் வடக்கே நாங்கள் பேசுகிற பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டான். தலைநகர் டிரானாவிலிருந்து வந்த நடுவர் ஒருவர் அவன் திட்டுவதைக் கேட்டுச் சிரித்து, காட்ட எடுத்த மஞ்சள் அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் பிறந்தவனெல்லாம் விசா வாங்குவதற்காக ஜெர்மன் பாடம் படித்துக்கொண்டிருக்கிறான். இங்கேயே இருக்கிறேன் என்று சொன்ன ஒரே ஆள் கடல் தாண்டி வந்த இவன்தான்.

அவனை யாரும் காபிக்குக் காசு கொடுக்க விட்டதில்லை. மேஜைக்கு வேறு யாரும் வருவதற்கு முன்னாலேயே என்னிடம் நோட்டை நீட்டிப் பார்த்தான், நான் வாங்கவில்லை. ஒருநாள் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு ஓடினான். டயர் கடை லுலாஷ் தொப்பையைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடை வரை துரத்திப் போய் அவன் சட்டைப் பையில் அதைத் திணித்துவிட்டு வந்தான். ஊரில் எபோவுக்கு நெருக்கமானவன் லுலாஷ்தான். மூச்சு வாங்கத் திரும்பி வந்தவன், "உன் காசு இங்க செல்லாதுடா. நீ எங்க விருந்தாளி" என்று வாசலில் நின்று கத்தினான்.

எபோவுக்கு அது வருத்தம். கடை காலியாக இருந்த ஒரு மத்தியானம் என்னிடம் சொன்னான்.

"நாலு வருஷமா விருந்தாளியாவே இருக்கேன் திலா அக்கா. விருந்தாளின்னா என்னைக்காவது கிளம்பணும்ல. நான் எப்ப வீட்டு ஆளாவேன்?"

"இந்த ஊர்ல வீட்டு ஆளாகி என்னத்தைக் கண்டோம்? பேசாம ஓசிக் காபியைக் குடி" என்றேன்.

சிரித்தான். ஆனால் அவன் மனதில் இருந்தது விளையாட்டு இல்லை. கானாவில் மனைவி எஃபுவாவும், இவன் முகத்தை ஃபோனில் மட்டும் பார்த்து வளர்கிற மகளும் இருந்தார்கள். ஒப்பந்தம் இன்னும் ஒரு பருவத்துக்கு நீண்டால் இருவரையும் இங்கே கூட்டி வந்துவிடலாம். கால் ஓய்ந்த பிறகு சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு இங்கேயே கிடக்கலாம். அவ்வளவுதான் அவன் கேட்டது. ஒப்பந்தம் இல்லையென்றால் தங்குவதற்கு அனுமதிச் சீட்டும் இல்லை.

மே மாதக் கடைசி ஆட்டம். தோற்றால் நாங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடுவோம். எபோவின் வலது முழங்கால் மார்ச்சிலிருந்தே வீங்கிக் கிடந்தது. ஊசி போட்டுத்தான் ஆடிக்கொண்டிருந்தான். அன்றைக்கு இரண்டு ஊசி. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், மூலையிலிருந்து வந்த பந்தை எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் உள்ளே அடித்தான். கீழே விழுந்தபோது அந்தக் காலை ஊன்ற முடியவில்லை. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு என் கடைக்குத்தான் வந்தார்கள். அழாத ஆண் அன்றைக்கு ஊரில் இல்லை.

கழகத்தின் தலைவர் பிரெங்கா, பெட்ரோல் பங்க் முதலாளி, எபோவின் நெற்றியில் முத்தமிட்டார். எபோ வலியிலும் சந்தர்ப்பத்தை விடவில்லை. அடுத்த வருடம் பற்றிக் கேட்டான், குடும்பத்தைக் கூட்டி வரலாமா என்றான்.

"நீ எங்கடா போகப் போறே? நீ நம்ம ஆளு" என்றார் பிரெங்கா, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு.

கடை முழுவதும் கைதட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. எங்கள் பக்கத்தில் வாக்கு கொடுத்தால் உயிரைக் கொடுத்தாவது காப்பாற்ற வேண்டும். அதனால்தான் விவரமானவர்கள் வாக்கு கொடுக்காமலே பேசப் பழகிவிட்டார்கள். முத்தம், கண்ணீர், நெஞ்சில் கை எல்லாம் இருந்தது. வாக்கு மட்டும் இல்லை. அதை ஒரு கானாக்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்?

ஜூனில் நான் அவனுக்கு வீடு பார்த்தேன். மருந்துக்கடைக்கு மேலே என் ஒன்றுவிட்ட தங்கையின் இரண்டு அறை, தெருவைப் பார்த்த பால்கனி. ஃபோனில் படம் எடுத்து எஃபுவாவுக்கு அனுப்பினான். துணி காயப்போட இடம் எங்கே என்று அவள் கேட்டாளாம். நொண்டிக்கொண்டே போய் கயிறு வாங்கி வந்து, பால்கனியில் அவனே கட்டினான்.

டிரானாவில் மருத்துவர் முழங்காலைப் பார்த்தது அந்த மாதக் கடைசியில். அவர் என்ன சொன்னார் என்பது எபோவுக்கு முன்னால் பிரெங்காவுக்குத் தெரிந்தது, பிரெங்காவுக்குத் தெரிந்தது மேஜைக்குத் தெரிந்தது. எபோ உள்ளே வந்தால் பேச்சு வெயிலுக்கும் தர்பூசணி விலைக்கும் மாறும். அவனிடம் மருத்துவர், ஓய்வெடு, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். அவனும் அதை நம்பினான்.

பிறகு ஒருநாள் காலை நேரம். பிரெங்கா, லுலாஷ், இன்னும் இரண்டு பேர், எபோ. காபி குடித்து முடித்தார்கள். எபோ வழக்கம்போல பையில் கையை விட்டான். தடுத்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் விட்டான்.

ஒருவரும் அசையவில்லை.

லுலாஷ் ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தான். பிரெங்கா மைதானத்து இரும்புக் கதவை இப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எபோவின் கை பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாக வெளியே வந்து எல்லோருக்குமாக ஒரு நோட்டை என் பக்கம் நீட்டியது. அவன் முகம் போல மலர்ந்த ஒரு முகத்தை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. விருந்தாளிக்குத்தான் மரியாதை. இவன் இனி விருந்தாளி இல்லை, வேறு எதுவும் இல்லை. "வேண்டாம், எடுத்து உள்ளே வை" என்றேன்.

"வாங்கிக்கோ அக்கா. நாலு வருஷமா இதுக்குத்தான் காத்துக் கிடக்கேன்" என்றான்.

லுலாஷைப் பார்த்தேன், நீயாவது வாயைத் திற என்று. அவன் தலையே நிமிரவில்லை. வாங்க மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? வாங்கிக்கொண்டேன். மீதியையும் வேண்டாம் என்றான், பெரிய மனிதன் மாதிரி. வெளியே போய் நடைபாதையிலேயே நின்று எஃபுவாவுக்கு ஃபோன் செய்தான். அவன் சிரிப்பது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

நான் மேஜைக்கு வந்து நன்றாகக் கேட்டேன். கேட்கக் கூடாததையும் கேட்டேன். பிரெங்கா பொறுமையாகச் சொன்னார்: கால் போய்விட்டது, வெளிநாட்டுக்காரர்களுக்கு இத்தனை இடம்தான் என்று சட்டம் இருக்கிறது, மிச்சமிருக்கிற ஒரு இடத்தை நொண்டிக்குக் கொடுத்தால் ஊர் அவரைத் தின்றுவிடும். பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க அவர் மச்சான் மகன் இருக்கிறானாம். அந்த மச்சான் மகன் பந்தை உதைத்தால் செருப்புதான் பறக்கும். ஆனால் அதைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"அப்ப அவன்கிட்டச் சொல்லித் தொலைங்க" என்றேன்.

சொல்ல வேண்டும் என்பதில் நால்வருக்கும் ஒரே கருத்து. வேறொருவர் சொல்ல வேண்டும் என்பதிலும் அப்படியே. நீயே சொல்லேன், உன்னை அக்கா என்கிறானே என்றான் லுலாஷ். ஒருநாள் மாலை சொல்லிவிடுவது என்று அவனைத் தேடிப் போனேன். பால்கனியில் மகளுக்கு வாங்கிய சின்னக் கட்டிலின் கால்களைத் திருகிக்கொண்டிருந்தான். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டுக் கொண்டுபோன பைரெக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு அவன் தினமும் காசு கொடுத்தான். மேஜை முழுவதற்கும் கொடுத்தான். அவர்களும் குடித்தார்கள். வேண்டாம் என்று தடுத்தால் பேச்சு வளர்ந்து உண்மை வெளியே வந்துவிடும் அல்லவா, அதனால் வாயை மூடிக்கொண்டு குடித்தார்கள். நான்கு வருடம் அவனுக்கு வாங்கிக் கொடுத்ததை ஒரு வாரத்தில் வட்டியோடு வசூலித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ரெனான் வந்தது சனிக்கிழமை. பிரேசில் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பிரெங்கா அவனை விமான நிலையத்திலிருந்து நேராகக் கடைக்கே கூட்டி வந்தார். ஊரே கூடிவிட்டது. எபோவும் ஓரத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். புதுப் பையன் வந்திருப்பது அவனுக்கும் சந்தோஷம்தான். தனக்குப் பக்கத்தில் ஆடப்போகிறவன் என்று நினைத்தான். பையன் காபியைக் குடித்துவிட்டு, பாவம், எல்லா ஊரிலும் செய்கிற மாதிரி பர்ஸை எடுத்தான்.

அவ்வளவுதான். நாலாபக்கமும் நாற்காலிகள் இழுபட்டன. ஆனால் எல்லோருக்கும் முந்தியவன் எபோ. அந்தக் காலோடு எப்படி எழுந்தான் என்று தெரியவில்லை. நாற்காலி பின்னால் விழுந்தது. பையனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுத்தமான எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னான்:

"உன் காசு இங்க செல்லாதுடா. நீ எங்க விருந்தாளி."

பையனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மற்ற எல்லோருக்கும் புரிந்தது. எழுந்தவர்கள் எழுந்தபடியே நின்றார்கள். எபோ இன்னொரு கையால் நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

பிரெங்கா அந்தக் கையை மென்மையாகக் கீழே இறக்கினார். இதைச் சொல்லத்தான் வேண்டும், அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இரக்கத்தோடுதான் சொன்னார்.

"நீ வச்சுக்கோ எபோ. வழிச்செலவுக்கு ஆகும்."

எபோ அவரைப் பார்த்தான். லுலாஷைப் பார்த்தான். கடைசியாக என்னைப் பார்த்தான். பையனின் மணிக்கட்டை விட்டான். விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தி வைத்தான். காலைச் சாய்த்துச் சாய்த்து வெளியே போனான். அவனுடைய காபி பாதிக் கோப்பை அப்படியே இருந்தது.

பிறகு யாரோ பிரேசிலில் இப்போது குளிர்காலமா என்று கேட்க, பேச்சு மறுபடி எழுந்தது. ரெனானின் ஒரே காபிக்கு மூன்று பேர் காசு கொடுத்துவிட்டுப் போனார்கள். எபோவின் காபியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை டிரானா பஸ்ஸுக்கு முன்னால் வந்தான். ஒரே ஒரு பை. கல்லாவின் மேல் சில்லறையை வைத்தான்.

"நேத்து குடிச்சதுக்கு" என்றான்.

"எடுடா அதை. நீ என் விருந்தாளி" என்றேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

"அன்னைக்கு வாங்கினியே அக்கா. இதையும் வாங்கிக்கோ."

திட்டியிருந்தால் தேவலை. எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னான். வாங்கிக்கொண்டேன். எங்கே போகிறாய் என்றதற்கு டிரானா என்றான், அதற்குப் பிறகு தெரியாது என்றான். எஃபுவாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். அவள் அங்கே சாமான் கட்டத் தொடங்கிவிட்டாளாம். பஸ் படியில் அவனால் வலது காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. நான் பையைத் தூக்கிக் கொடுத்தேன், ஓட்டுநர் கையைப் பிடித்து ஏற்றினார். அவன் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

திரும்பி வந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது லுலாஷ் வந்தான். சவரம் செய்யாத முகம். உட்காராமல் நேராகக் கல்லாவுக்கு வந்து ஒரு நோட்டை நீட்டினான்.

"நேத்து எபோ குடிச்ச காபிக்கு" என்றான்.

"அவனே குடுத்துட்டுப் போயிட்டான்" என்றேன்.

லுலாஷ் அந்த நோட்டை நீட்டவும் முடியாமல், மடக்கவும் முடியாமல் அங்கேயே நின்றான்.