முடியிறக்கும் முன்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. சங்ககிரியில் ஒரு லாரிக்காரர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு பெண் குழந்தையின் படம்: பட்டுப்பாவாடை, தாழம்பூ வைத்துப் பின்னிய சடை, சடை தெரிய முதுகுப் பக்கம் ஒரு கண்ணாடி. யார் என்று கேட்டேன். "நான்தானுங்க" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று வெளியே வந்த பிறகு புரியவில்லை. அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.*

* முதல் மொட்டைக்கு முன் ஆண் பிள்ளைக்குச் சடை பின்னிப் படம் எடுத்துவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் பிள்ளைக்கு வேட்டி கட்டி எடுத்த படம் எதையும் நான் பார்த்ததில்லை.

2

முதல் தொடக்கம்: "1961, தை மாதம். செம்மண் புழுதி பறக்க —"

வேண்டாம். புழுதியில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவிடுவேன்.

இரண்டாவது: "நான்கு வயது ராசப்பனிடம் பெண்மையின் சாயல் —"

இது அதைவிட மோசம். அந்தப் படத்துப் பையனிடம் எந்தச் சாயலும் இல்லை. அவனுக்குச் சொப்பு வைத்துச் சோறாக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அக்கா கண்ணாத்தாளுக்கு அது பிடிக்காது. தம்பிக்கென்று அப்பா வாங்கி வந்த தகர லாரியில் கயிறு கட்டி அவள் வாசலெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

3

நேராகவே சொல்லிவிடுகிறேன். அப்பா சின்னுசாமி லாரி டிரைவர். அம்மா வள்ளியாத்தாள். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்ட முடி, பங்காளி வீட்டுச் சாவுகளால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. படம் எடுத்த அன்று சின்னுசாமி மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு, "எம்பட மவளப் பாத்தீங்களா" என்று கடைவீதி முழுக்கக் காட்டினார். அவருக்கு அத்தனை பூரிப்பு.

மறுநாளும் பையன் சடை கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். சடையோடு வாசலில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினான். வந்திருந்த பங்காளி சிரித்தார். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

"ஆம்பளப் பையன் அடுப்பூதறதா? எந்திரிடா" என்றார் சின்னுசாமி.

"நாந்தான் சட போட்டிருக்கனுங்கப்பா."

அவர் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். "முடி எறக்கற வரைக்குந்தான். எறக்கீட்டா நீ பையன். அப்பறம் சொப்பத் தொடப்படாது."

[முதல் பிரதியில் இவரைச் சொப்பை உடைக்க வைத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். எனக்கு வசதி என்பதற்காக ஒரு மனிதரைக் கெட்டவராக்குவதா? லாரிப் பட்டறையில் நாளைக்கு மகனைக் கேலி செய்வார்கள் என்று பயப்படுகிறார். அந்தப் பயம் பொய்யில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.]

4

கோயில். தாய்மாமன் நாச்சிமுத்து மடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார். நாவிதர் கத்தியைத் தீட்டிவிட்டார். ராசப்பன் மடியில் ஏறாமல் இரண்டு கையாலும் சடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அழவில்லை.

"மொட்ட போட்டாலுஞ் சோறாக்கலாமுங்களாப்பா?"

பங்காளிகள், மச்சான்மார், கிடா வெட்டக் காத்திருப்பவர்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"ஏனுங்க, ஆக்கலாஞ் சாமீன்னு பையங்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்கிறாள் வள்ளியாத்தாள்.

"நீ சும்மா இரு புள்ள" என்கிறார் சின்னுசாமி.

ஒரு முடிவு: மாமன் அமுக்கிப் பிடிக்க, முடி இறங்குகிறது. அநேக வீடுகளில் நடந்தது இதுதான். இன்னொன்று: சின்னுசாமி "ஆக்கலாம்" என்கிறார், வீட்டுக்குப் போனதும் சொப்பு பரணுக்கு ஏறிவிடும். மூன்றாவதில் அவர் மெய்யாகவே சொல்கிறார். அதை எழுத உட்காரும்போதெல்லாம் கோயில் கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறது, நான் பேனாவை —

என்னால் ஆகவில்லை. எனக்கும் மச்சான்மார் இருக்கிறார்கள்.

5

அவனுக்கு நீங்கள் சொல்லுங்கள். குனிந்து அவன் காதில் மட்டும் சொன்னால் செல்லாது. அவன் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறான். கிடாவுக்குப் பக்கத்தில் நிற்கும் உங்கள் மச்சானுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும்.