வலப்பக்கத் திகதி

சனிக்கிழமைகளில் பின்னேரம் இரண்டு மணிக்கு, தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இருக்கும் சங்க அறையில், பல்கலைக்கழக முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு இணையப் பக்கம் வடிவமைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வார நாட்களில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நிறுவனத்தில் அதே வேலையைத்தான் செய்கிறேன். அங்கே என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். இங்கே வந்து பார்க்கவேண்டும். படத்துக்கு ஏன் விளக்க வரி எழுதவில்லை என்று கேட்டால், "அதான் படம் தெரியுதே அக்கா" என்பார்கள். கண் தெரியாதவர்களும் இணையம் பாவிக்கிறார்கள் என்று நாலாம் தரமாகச் சொல்லும்போது என் குரல் கீழே புடவைக்கடைக்குக் கேட்கும்.

முதல் மூன்று கிழமையும் எல்லோரும் உணவகப் பக்கம் செய்தார்கள். ஒன்பது உணவகம், ஒன்பதிலும் கொத்துரொட்டிப் படம், ஒன்பதிலும் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. எனக்குக் கண் எரிந்தது.

"உங்கடை வீட்டிலை நெடுகத் திறந்து பாக்கிற பக்கம் எது? அதைச் செய்வம்," என்றேன்.

சாருஜன் கதிரையில் சாய்ந்தபடியே சொன்னான்: "அம்மா விடிய எழும்பினதும் மரண அறிவித்தல்தான் பாக்கிறவ."

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மைதானே. எங்கள் வீடுகளில் தேத்தண்ணிக்கு முன்னால் மரண அறிவித்தல். ஆர், எந்த ஊர், ஆருடைய மருமகன், கனடாவில் எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கேத்தில் அடுப்புக்குப் போகும்.

சிரித்து ஓய்ந்தபோது அது நல்ல பயிற்சி என்றே எனக்குத் தோன்றியது. தலைப்பு, படம், பத்தி, உறவினர் பட்டியல், தட்டினால் அழைப்புப் போகும் தொலைபேசி எண், எல்லாம் ஒரே பக்கத்தில் வருகின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? "பெயரெல்லாம் கற்பனை. இருக்கிற ஆக்கள், செத்த ஆக்கள், ஒருதரின்ரை பெயரும் வரக்கூடாது," என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர்கள் கேட்டார்கள். சாருஜன் 'அமரர் வைஃபை வைத்திலிங்கம்' என்று தொடங்கினான். பின் வாங்கில் இருந்த ஒருத்தி 'திருமதி மெட்ரோ மகேஸ்வரி'யை ஒன்பது பேரப்பிள்ளைகளோடு மேலே அனுப்பிவைத்தாள்.

மெலிசா மட்டும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள். புதுச்சேரிக் குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் வீட்டில் சாவுச் செய்தி பிரெஞ்சில் நாலு வரியோடு முடிந்துவிடுமாம். "மதாம், இதுல எதுக்கு இத்தன பேரு? எனக்கு ஒண்ணுமே புரியல. ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன்," என்றாள்.

பெரிய திரையில், வெறும் கோப்பிலிருந்து தொடங்கினேன். நடுவில் படத்துக்கென்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி. இடப்பக்கப் பெட்டியில் பிறப்பு, வலப்பக்கப் பெட்டியில் இறப்பு. கீழே பெயர். ஒரு பெயர் வேண்டுமே என்று நான் யோசிக்கவில்லை. விரல்கள் தட்டிவிட்டன: இராஜதுரை உதயன். ஊரைத் தட்டின. தாயின் பெயர் வள்ளிநாயகி என்று தட்டின. இந்தப் பிள்ளைகளுக்கு ஆரைத் தெரியப்போகிறது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, இடப்பக்கம் பிறந்த திகதியையும் போட்டேன்.

வலப்பக்கத்தை அப்படியே விட்டேன். பெட்டி சுருங்கிக் காணாமல் போனது. நடுவில் நின்ற படம் வலப்பக்கமாக நழுவியது.

"அக்கா, ஆள் சரியுறார்," என்றான் சாருஜன்.

"உள்ளுக்கு ஒண்டும் இல்லாத பெட்டி நிக்காது. ஏதாவது போடவேணும்," என்று பாடம் நடத்தும் குரலில் சொன்னேன். போட்டேன். 17-05-2009. பக்கம் நேரானது.

உதயன் என் அண்ணா. இருந்தால் இப்போது முப்பத்தொன்பது வயது.

புறநகரான லெ பிளாங்-மெனிலில் என்னோடு வசிக்கும் அம்மாவுக்கு அவன் இருக்கிறான். காணாமல் போயிருக்கிறான், அவ்வளவுதான். அந்த வருடம் ஏப்ரலில் அம்மா காலில் காயப்பட்டு, காயக்காரரைக் கொண்டுபோகும் கப்பலில் ஏற்றப்பட்டார். ஏற்றுவதற்கு முன், முள்ளிவாய்க்கால் கடற்கரையில், எங்கள் இருவருடைய கைகளையும் சேர்த்துப் பிடித்து, "ஆளை ஆள் விடாதையுங்கோ" என்றார். பிறகு அகதி முகாமில் அவரைச் சந்தித்தபோது நான் தனியாகத்தான் போனேன். "மே பதினாலாம் திகதி செல்லடியிலை சனத்துக்குள்ளை தவறவிட்டிட்டன், அம்மா," என்றேன். பதினாறு வருடமாக அதே வசனம். கேட்டவர்கள் எல்லோருக்கும் அதே வசனம்.

பதினாலாம் திகதி நாங்கள் ஒன்றாகத்தான் இருந்தோம். பதினேழாம் திகதி காலை அவன் வயிற்றில் காயத்தோடு ஒரு பனையின் அடியில் கிடந்தான். சனம் இராணுவம் நின்ற பாலத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 'நீ போ' என்று அவன் சொல்லவில்லை. சொன்னதாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒட்டவில்லை. "மிரு, நில்லு," என்றுதான் கூப்பிட்டான். எனக்குப் பதினெட்டு வயது. பயம். சாகப் பயம். எழும்பிச் சனத்தோடு நடந்தேன். அவன் கூப்பிடக் கூப்பிட நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் இன்னும் கூப்பிடுகிறான். இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் மருத்துவரிடம் போ என்பார்கள். லா சப்பல் தெருவில் தேங்காய் இறக்கும் சத்தத்துக்குள்ளே கேட்கும். மெட்ரோக் கதவு மூடும்போது கேட்கும். யார் பின்னாலிருந்து கூப்பிட்டாலும் நான் திரும்புவதில்லை. மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ வாசலில் ஒருநாள் சாருஜன் மூன்று தரம் கூப்பிட்டானாம். "அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்று வகுப்பில் பரப்பிவிட்டிருக்கிறான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கத்தை அன்றே அழித்திருக்கவேண்டும். அழிக்கவில்லை. வகுப்புப் பொதுக் கோப்புறையில் அது கிடந்தது. அடுத்த கிழமை முழுவதும் அலுவலகத்தில் வேலைக்கு நடுவே அதைத் திறந்து பார்த்தேன். சாம்பல் பெட்டி, இரண்டு பக்கமும் இரண்டு திகதி. திரையை மூடிய பிறகும் அந்தப் பெட்டி கண்ணுக்குள் நின்றது. ஒரு நாள் எழுத்தின் அளவைக் கூட்டினேன். இன்னொரு நாள் ஓரத்தில் கோடு போட்டேன். அவனுக்கு நான் செய்த ஒரே காரியம் என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக என் மீது எனக்கே அருவருப்பும் வந்தது.

அடுத்த சனிக்கிழமை பாடம், செய்த பக்கங்களை இணையத்தில் ஏற்றுவது. ஏற்றும் வேலையைச் சாருஜனிடம் விட்டேன். "உங்கடை பக்கங்களை மட்டும் ஏத்து" என்று சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் கோப்புறையை முழுதாகத் தூக்கிப் போட்டுவிட்டான். அன்று மாலை, தன்னுடைய வைஃபை வைத்திலிங்கத்தைக் காட்டிப் பெருமைப்பட, இணைப்பைத் தாய்க்கு அனுப்பியிருக்கிறான். தாய் பத்துப் பக்கத்தையும் திறந்து பார்த்திருக்கிறார். ஒன்பது பகிடி. பத்தாவதில் ஊர் இருந்தது, தாய் தகப்பன் பெயர் இருந்தது, ஒரு மே மாதத் திகதி இருந்தது. எங்கள் சனம் பகிடியைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். மரண அறிவித்தலை ஒருநாளும் வைத்துக்கொள்ளாது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பாண் கடை வரிசையில் நிற்கும்போது சாருஜனின் செய்தி வந்தது. "அக்கா, தெசோலே, மன்னியுங்கோ. அம்மா உங்கடை பக்கத்தை எல்லாருக்கும் அனுப்பிப்போட்டா. அது உண்மையோ?"

வரிசையில் நின்றபடியே பக்கத்தை அழித்தேன். பதினொரு வருடமாக இந்தத் தொழில் செய்கிறவள், அழித்தால் போய்விடும் என்று ஒரு நிமிடம் நம்பினேன். கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. லண்டனிலிருந்து மச்சாள் ஒருத்தி அதே பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கீழே, 'எங்களுக்கேன் ஒரு சொல் சொல்லேல்லை?' என்று எழுதியிருந்தாள். நான் போட்ட ஓரக் கோடு அதில் அழகாகத் தெரிந்தது.

பாண் வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா குசினி மேசையில் இருந்தார். முன்னால் அவருடைய கைப்பேசி. அழைப்பு வந்து அடித்துக்கொண்டிருந்தது. வெட்டினார். மறுபடி அடித்தது, மறுபடி வெட்டினார்.

"அம்மா, அது வகுப்புக்குச் செய்து காட்டினது. பிழையா வெளியிலை போட்டுது. பொய்," என்றேன்.

"பெயர் பொய்யோ?"

"இல்லை."

"பிறந்த நாள் பொய்யோ?"

"இல்லை, அம்மா."

அவர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். வலப்பக்கத்தை விரலால் பெரிதாக்கி வைத்திருந்தார். "நீ பதினாலெண்டெல்லோ சொன்னனீ. இந்தத் திகதி எங்கையிருந்து வந்தது?"

வெறும் பெட்டி நிக்காது என்று தொடங்கினேன். உண்மையாகவே தொடங்கினேன். அம்மாவுக்கு வடிவமைப்புப் பாடம் நடத்த வாயைத் திறந்தேன். பிறகு என் குரல் எனக்கே கேட்டது, நிறுத்திவிட்டேன்.

"பதினேழாம் திகதி அவனைக் கண்டனியோ?"

"ஓம்."

"செத்ததைக் கண்டனியோ?"

"இல்லை."

"அப்ப இது என்ன நாள்?"

"நான் அவனை விட்டிட்டு வந்த நாள், அம்மா."

கைப்பேசி அடித்தது. இந்த முறை அவர் வெட்டவில்லை, அது அடித்து ஓயும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்ந்ததும் நான் சொன்னேன். பனை, காயம், பாலம், எல்லாம். கதிரையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பதினாறு வருடம் சுமந்தது சொல்லி முடிய இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை.

"கூப்பிட்டவனோ?" என்று கேட்டார்.

அங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நினைவில்லாமல் கிடந்தான் என்றால் போதும். சொல்ல முடியவில்லை.

"ஓம். மிரு, நில்லு எண்டு."

"எத்தினை தரம்?"

"தெரியாது, அம்மா. கனதரம்."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். மேசையில் இல்லாத தூசியைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கதவுச் சங்கிலி போடாமல் படுக்கிறனான். நீ நெடுகப் பேசுறனீ, கள்ளன் வருவான் எண்டு," என்றார். "ஏனெண்டு தெரிஞ்சு கொண்டுதானே பேசினனீ?"

"ஓம்," என்றேன். அழுதேன். அம்மா அழவில்லை.

மறுபடி அடித்தது. பெயரைப் பார்த்தார். லண்டனில் இருக்கும் மாமி, அப்பாவின் தங்கை. அம்மா எடுத்தார். மாமியின் அழுகை குசினி முழுவதும் கேட்டது.

"ஓம் மச்சாள்," என்றார் அம்மா. "ஓம். உண்மைதான். பதினேழாம் திகதி. எனக்கும் இப்பதான் சரியாத் தெரியும்."

"ஐயோ, என்ரை பிள்ளை! தனியவோ கிடந்தவன்? பக்கத்திலை ஒருதரும் இல்லையோ?"

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இல்லை, தனிய இல்லை," என்றார். "தங்கச்சி மடியிலை வைச்சிருந்தவள். கடைசி மூச்சு வரைக்கும் அவள் விடேல்லை."

மாமி ஏதேதோ சொல்லி என்னை ஆசீர்வதித்தார். அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று சொல்லி வைத்தார். எழும்பி முகம் கழுவினார். சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"இனி ஆர் கேட்டாலும் இதுதான் நடந்தது," என்றார், என்னைப் பாராமல்.

அடுத்த அழைப்பு வந்தது. கைப்பேசியை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார்.

"எடு. நீ சொல்லு."

எடுத்தேன். அம்மா எதிரில் இருந்து கேட்டுக்கொண்டிருக்க, அவன் என் மடியில் எப்படிச் செத்தான் என்று சொல்லத் தொடங்கினேன்.