முழங்கை ஊன்றும் ஜன்னல்

கட்டடம் வரைகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வரைந்த அறை எத்தனை பெரியது என்று பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமானால் அதற்குள் ஓர் ஆளை நிறுத்த வேண்டும். ஆள் இல்லாத அறையைப் பெட்டி என்றும் சொல்லலாம், மண்டபம் என்றும் சொல்லலாம். அதற்காகவே புகைப்படங்களிலிருந்து ஆட்களைக் கத்தரித்துச் சேர்த்து வைத்திருப்பார்கள். நடக்கிறவர், குடை பிடித்தவர், முதுகு காட்டி நிற்கிறவர் என்று எல்லா வகையும் இருக்கும். இளையவள் கல்லூரியில் படித்த காலத்தில் அப்படிக் கத்தரித்து வைத்தது தன் அக்காவை.

அக்கா துணிக்கடையில் வேலை பார்த்தாள். காலையில் கடை திறந்ததும் நிற்கத் தொடங்கினால் மூடும்வரை நிற்க வேண்டும். விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். விடுமுறை நாளில் கால் நீட்டிக் கிடந்தவளை எழுப்பி, கூடத்துச் சுவரில் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் நிற்கச் சொன்னாள் இளையவள்.

"நாள் பூரா கடையிலதான் நிக்கிறேன். உன் படத்துலயும் நிக்கணுமா?"

"அஞ்சே நிமிஷம்கா."

குடையோடு ஒன்று, கைப்பையோடு ஒன்று, நடக்கிற மாதிரி ஒன்று. கடைசியில் மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி எங்கோ பார்க்கிற மாதிரி ஒன்று. அக்காவுக்கு இடுப்பு நோவெடுத்துவிட்டது.

"ஒண்ணு படுத்த மாதிரி எடேன்டி. புண்ணியமாப் போகும்."

"கட்டடத்துல யாரும் படுத்திருக்க மாட்டாங்கக்கா."

"ஏன், நீங்க கட்டுற வீட்டுல எல்லாரும் நின்னுக்கிட்டேதான் தூங்குவாங்களா?"

"படத்துலன்னு சொல்றேன். படுத்திருந்தா அளவு தெரியாது."

"சரி, கட்டுங்க கட்டுங்க. குதிரை லாயம்தானே, எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு அக்கா அந்தப் போர்வையையே இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையில் படுத்தாள்.

கடைசி ஆண்டில் இளையவள் வரைய எடுத்துக்கொண்டது நீண்ட நாள் தங்கிச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கான மருத்துவமனை. அதில் ஒரே ஒரு ஜன்னலுக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள். நோயாளி எழுந்து வந்து முழங்கையை ஊன்றி நின்று மரத்தைப் பார்க்கும்படியான ஜன்னல். எந்த உயரத்தில் ஊன்றினால் தோள் வலிக்காது என்று அக்காவை நிறுத்தி வைத்தே அளந்தாள். அந்த உயரத்தில்தான் ஜன்னலின் கீழ்விளிம்பு வந்தது. மேசையில் முழங்கை ஊன்றிய அக்காவையே கத்தரித்து அந்த ஜன்னலில் நிறுத்தினாள். தேர்வுக்கு வந்த ஆசிரியர்கள் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். "இந்தப் பொண்ணு அங்க நிக்கிறதைப் பார்த்தா நமக்கே உடம்பு தேவலையாகிடும் போல இருக்கு" என்றார் ஒருவர். வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா சொன்னாள்: "அப்ப பாதி மார்க்கு என்னுது."

அந்தப் படத்தைக் காட்டித்தான் வேலையும் கிடைத்தது. அலுவலகத்தை நடத்திய கட்டடக் கலைஞரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். வயது அத்தனை ஆகவில்லை, குரல்தான் பெரிது. அவருக்கு உண்மையாகவே ஒரு மருத்துவமனை கட்டும் வேலை வந்தது, இரண்டு தளம் இப்போது, மூன்றாவது பிற்பாடு. மனையின் நடுவே பெரிய மரம் ஒன்று நின்றது. அதை வெட்டாமல் கட்டடத்தை வளைக்க இளையவள் எல்லோரோடும் மல்லுக்கு நின்றாள். மாடி வார்டில் தன் ஜன்னலைக் கொண்டுவந்து வைத்தாள், அதே உயரத்தில். பெரியவர் ஒரு வார்த்தை மறுக்காமல் ஒப்புக்கொண்டார். வரவேற்பறைச் சுவரில் மாட்டப் பெரிய படம் ஒன்று போட்டார்கள். அதிலும் அக்காதான் முழங்கையை ஊன்றி நின்றாள், வெளியே மரம். அலுவலகத்தில் கட்டடங்களின் காட்சிப் படங்கள் செய்கிற, தலைமுடியால் சுருட்டை என்று பெயரெடுத்த பையனுக்கு அக்காவை ரொம்பப் பிடித்துப்போய், பேருந்து நிலையம், நூலகம் என்று அலுவலகத்தின் எல்லா வேலைகளிலும் அவளை நிறுத்த ஆரம்பித்தான். "உங்கக்காவுக்குச் சம்பளம் குடுக்கணும். நம்மளைவிட அதிக வேலை பார்க்குறாங்க" என்பான்.

மருத்துவமனை திறந்து ஓராண்டு ஆகியிருக்கும். அக்காவுக்கு முதுகில் வலி வந்தது. நின்றுநின்றே வந்தது என்று தைலம் தேய்த்தார்கள். பிறகு தைலத்தில் தீராத வலி என்று தெரிந்தது. நோய் எங்கோ தொடங்கி முதுகெலும்புக்கு வந்துவிட்டிருந்தது. எங்கே சேர்ப்பது என்று வீட்டில் பேசியபோது அக்காதான் சொன்னாள்: "நீ கட்டினதுலயே சேர்த்துவிடு. தெரிஞ்ச இடம்."

தள்ளுகட்டிலில் படுக்க வைத்து வரவேற்பறை வழியாகக் கொண்டுபோனார்கள். அக்கா மேலே பார்த்தபடியே வந்தாள். படத்தின் அடியில் கட்டில் ஒரு கணம் நின்றது.

"அடியே, நான் இங்க முன்னாடியே வந்து நிக்கிறேன் பாரு."

தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் படத்தைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு கட்டிலைத் தள்ளினாள்.

மாடி வார்டில் ஜன்னலோரக் கட்டிலையே இளையவள் கேட்டு வாங்கியிருந்தாள். அக்காவைக் கட்டிலுக்கு மாற்றி, போர்வையைச் சரிசெய்துவிட்டு, பரிசு கொடுக்கப்போகிறவள் மாதிரி ஒதுங்கி நின்றாள்.

"மரம் எங்கடி?"

"அதோ, வெளிய."

"எனக்குச் சுவர்தான் தெரியுது."

"ஜன்னல் வழியா பாருக்கா."

"பார்க்குறேன். கால் மீட்டர் வானம் வருது. கிழிச்சுக் குடுக்கட்டுமா?"

இளையவள் குனிந்தாள். பிறகு மண்டியிட்டு, தன் தலையை அக்காவின் தலையணை உயரத்துக்குக் கொண்டுவந்தாள். கண்ணெதிரே சுவர். நோயாளிகளின் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று அவளே தேர்ந்தெடுத்த இளம்பச்சைச் சுவர். அதற்கு மேலே ஜன்னலின் கீழ்விளிம்பு, அதற்கும் மேலே ஒரு துண்டு வெளிச்சம். மரத்தின் ஓர் இலைகூட இல்லை. வார்டை நிமிர்ந்து பார்த்தாள். வரிசையாகக் கட்டில்கள், வரிசையாகப் படுத்திருக்கும் மனிதர்கள். ஜன்னலில் முழங்கை ஊன்றி நிற்க ஒருவர்கூட அங்கே இல்லை.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த ஒரு கைப்பிடி இருந்தது. அக்காவின் முதுகை அசைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"விடு" என்றாள் அக்கா. "நின்னவளுக்குக் கட்டினே. படுத்தவளுக்குத் தெரியல. உன் தப்பு என்ன."

அவள் அதைச் சொன்ன விதத்தில் கேலியே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அடுத்த நாள் இளையவள் பெரியவரின் அறைக்குள் போய் நின்றாள்.

"சார், மாடி வார்டு ஜன்னலைக் கீழ இறக்கணும்."

"கட்டி முடிச்சதை இடிக்கச் சொல்றியா? தூசி பறக்கும். உள்ள நோயாளிங்க படுத்திருக்காங்கம்மா."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். படுத்திருக்காங்க."

பெரியவர் மேசையில் கிடந்த அளவுகோலை எடுத்து, பார்த்து, வைத்தார்.

"நானும்தானே அந்தப் படத்தைப் பார்த்தேன்" என்றார் கொஞ்சம் கழித்து. அவர் அத்தனை மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை. "மூணாவது தளம் வரப்போகுதில்ல, அதுல சரி பண்ணிடலாம்."

மூன்றாவது தளம் வருகிறவரை அக்கா இருக்கமாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

தன் இடத்துக்கு வந்து, கட்டடத்தை நெடுக்காக அறுத்துக் காட்டும் படத்தைத் திறந்தாள். ஜன்னலை இறக்க முடியாது. கட்டிலை ஏற்ற முடியுமா? எத்தனை ஏற்றினால் மரம் கண்ணில் படும்? அதற்குக் கட்டிலில் ஓர் ஆள் படுத்திருக்க வேண்டும். கத்தரித்து வைத்த ஆட்களின் கோப்பில் தேடினாள். படுத்த ஆள் இல்லை. முழங்கை ஊன்றிய அக்காவை எடுத்து, கிடைமட்டமாகத் திருப்பிக் கட்டிலில் வைத்தாள்.

மடக்கிய முழங்கை ஆகாயத்தை ஊன்றிக்கொண்டிருந்தது. உடையின் மடிப்புகள் கீழே விழாமல் காலை நோக்கி ஓடின. படுத்திருப்பவள் போல இல்லை. நின்றபடியே யாரோ தள்ளிச் சாய்த்தவள் போல இருந்தாள். பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்த சுருட்டை ஏதோ கிண்டல் செய்ய வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

அந்த உருவத்தின் கண்ணிலிருந்து ஒரு கோடு இழுத்தாள். சுவரில் முட்டியது. கட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்தினாள். ஒரு முழம் ஏறியதும் கோடு விளிம்பைத் தாண்டி வெளியே போய் மரத்துக்குள் நுழைந்தது.

"ஒரு முழமா?" என்றான் சுருட்டை. "கட்டில் கால் நழுவாம குழி வெச்ச கட்டைங்க வேணும். நான் அறுத்துத் தர்றேன்." கட்டட மாதிரிகள் செய்ய வைத்திருந்த மரத்தில் நான்கு கட்டைகளை அவனே அறுத்து, இழைத்து, விளிம்பில் சிலும்பு குத்தாமல் தேய்த்தும் கொடுத்தான்.

தலைமை நர்ஸ் கட்டைகளைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இது ஆஸ்பத்திரியா சர்க்கஸாம்மா? விழுந்தா யார் பதில் சொல்றது?"

"கொஞ்ச நேரம் போதும் சிஸ்டர்."

"எதுக்கு?"

"மரம் பார்க்க."

தலைமை நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள். அந்த வார்டில் அவள் தினமும் நடக்கிறவள். மரம் அவளுக்கு எப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. குனிந்து அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது இடுப்பிலிருந்த கை இறங்கியிருந்தது.

"டாக்டர்கிட்ட நான் கேட்டுக்குறேன். நாளைக்கு, நான் நிக்கும்போது மட்டும்."

மறுநாள் சுருட்டையும் இரண்டு வார்டு ஊழியர்களும் இளையவளும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். தலைமை நர்ஸ் கட்டைகளைத் தள்ளி வைக்கத் தயாராகக் குனிந்திருந்தாள்.

"மெல்லப்பா, மெல்ல" என்றாள் அக்கா. "நாலு பேரு தூக்குறதுக்கு இன்னும் நாளிருக்கு. இப்பவே பழகாதீங்க."

ஓர் ஊழியர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். கட்டில் முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்தது. அக்கா தலையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். திருப்புவதற்கே நேரம் பிடித்தது.

மரம் இருந்தது. காற்று பெரிதாக இல்லை. ஒரு கிளை மட்டும் மற்றவற்றோடு சேராமல் ஆடிக்கொண்டிருந்தது. வார்டின் மறுகோடியில் யாரோ இருமினார்கள்.

"இவ்வளவு பெரிசா?" என்றாள் அக்கா கடைசியில். "படத்துல சின்னதா இருந்துச்சு."

"படத்துல நீ பக்கத்துல இருந்தேல்லக்கா."

"நான் நிக்கிற இடம் எதுடி?"

இளையவள் ஜன்னலின் இடது ஓரத்தைக் காட்டினாள். அக்கா மரத்தை விட்டுவிட்டு அந்த இடத்தையே பார்த்தாள். கீழ்விளிம்பில் யாரோ வைத்து மறந்த மருந்துக் கிண்ணம் ஒன்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

"குடுத்து வெச்சவ" என்றாள் அக்கா. "கால் வலிக்காம நின்னுக்கிட்டே இருக்கா."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இறக்குங்க. கூசுது" என்றாள்.

"நாளைக்கும் தூக்கலாம்கா."

"வேணாம். அதான் பார்த்தாச்சே."

மறுபடி அவள் மரத்தைக் கேட்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். இளையவள் கட்டைகளை எடுத்துப்போகப் போனபோது, பக்கத்துக் கட்டில் அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவை இங்கேயே இருக்கட்டும் என்றாள் தலைமை நர்ஸ். வரும் வழியில் வரவேற்பறைப் படத்தின் முன்னால் இளையவள் நிற்கவில்லை.

மூன்றாவது தளத்தின் வேலை சில மாதங்களில் தொடங்கியது. ஜன்னலைக் கட்டில் மட்டத்துக்கு இறக்கி, யாரும் விழாதபடி குறுக்கே ஒரு கம்பி போட்டு வரைந்தாள். பெரியவர் ஒப்புதல் கொடுத்தார். காட்சிப் படம் செய்ய உட்கார்ந்த சுருட்டை பழக்க தோஷத்தில் அக்காவைக் கொண்டுவந்து ஜன்னலோரம் நிறுத்தினான். நிறுத்திய பிறகுதான் உறைத்தது. அவன் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.

"எடுத்துடறேன்" என்றான்.

"இருக்கட்டும். அவ நிக்கட்டும்" என்றாள் இளையவள். "கட்டில்ல ஒரு ஆள் வேணும்."

"படுத்த ஆளு நம்மகிட்ட யாருமில்லையே."

மாதிரிகள் செய்கிற நீள மேசையின் மீது கிடந்த அட்டைத் துண்டுகளை அவள் ஒதுக்கினாள். கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, முதுகை நீட்டிப் படுத்தாள்.

"எடு."

சுருட்டை கேமராவோடு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தான். அலுவலகத்தில் மற்றவர்கள் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

"கண்ணை மூடாத. செத்தவங்க மாதிரி இருக்…" என்றவன் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மேசை முதுகில் குளிர்ந்தது. இளையவள் கண்ணைத் திறந்து, படத்தில் ஜன்னல் இருந்த பக்கமாகத் தலையை மெல்லத் திருப்பினாள்.