கொதித்த பாறை

என் மனைவி எனக்கு வைத்திருக்கும் பெயர் எச்சரிக்கைப் பலகை. லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். பதினெட்டு வருடத்தில் நான் கைவைத்த எந்த லிஃப்டும் ஆளோடு நடுவழியில் நின்றதில்லை என்று நான் ஆரம்பித்தால் அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். வீட்டிலும் நான் அப்படித்தான். கேஸ் வால்வை இரண்டு முறை பார்ப்பேன், பூட்டை மூன்று முறை இழுப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பேய் பட்டப்பகலிலேயே தெரியும்.

இப்படிப்பட்டவனுக்கு வீட்டுக்குள் கடலை வளர்க்கும் ஆசை வந்தது. ஒரு பல் டாக்டர் வீட்டு லிஃப்டுக்குப் போனபோது அங்கே பவளத்தொட்டி ஒன்றைப் பார்த்தேன். வேலை முடிந்தும் முக்கால் மணி நேரம் நின்றேன். அடுத்த மாதமே நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி எங்கள் ஹாலுக்கு வந்தது, சோபா வெளியே போனது.

மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. விசில் ஊதிப் பழகிய வாய், ஒரு தடவைதான் சொல்லும். "உப்போ மீனோ பாறையோ, என்ன வேணா கொண்டு வாங்க. ஆனா என் சமையல்கட்டுப் பாத்திரம் ஒண்ணு அந்தத் தொட்டிக்குன்னு வெளிய வந்துச்சு, அன்னைக்கே தொட்டி தெருவுல நிக்கும்." அவள் மனதில் இருந்தது எல்லாப் பாத்திரமும் அல்ல, பெரிய எவர்சில்வர் பாத்திரம். முதல் சம்பளத்தில் வாங்கியது, அடியில் அவள் பெயர் வெட்டியது. எங்கள் பத்து வயது மகள் பாப்பா சின்னக் குழந்தையில் அதற்குள் உட்கார்ந்து குளித்திருக்கிறாள்.

உப்புத்தண்ணீர்த் தொட்டி என்பது பயந்தவனுக்கென்றே படைத்த பொழுதுபோக்கு. உப்பைக் கலந்து, பாறையை அடுக்கி, மீனே இல்லாத வெறும் தண்ணீரை ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பாறையில் குடியேறி, கழிவைத் தின்னப் பழகும்வரை எந்த உயிரையும் விடக்கூடாது. தினமும் சோதனைக்குழாயில் மூன்று சொட்டு மருந்து விட்டு, அம்மோனியா இறங்கியதா என்று நிறத்தை ஒப்பிடுவேன். வெப்பம் அரை டிகிரி ஏறினால் மேசை விசிறியைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைப்பேன். ஆறாவது வாரம் நத்தைகள் வந்தன. எட்டாவது வாரம் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள். பையிலிருந்த தண்ணீரில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்த பிறகுதான் அவற்றை உள்ளே விட்டேன். தனக்குப் பிரசவம் பார்த்தபோதுகூடத் தன் அம்மா இவ்வளவு அவதிப்பட்டிருக்க மாட்டாள் என்றாள் மனைவி.

அடுத்தது பவளம். பச்சை நிறத்தில் ஒன்றை வளர்ப்பு மீன்கடைக்காரரிடம் சொல்லிவைத்திருந்தேன். சனிக்கிழமை மாலை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அதை வைக்க இன்னும் கொஞ்சம் பாறை வேண்டியிருந்தது. தொட்டியைக் கலைத்துவிட்டு ஊர் மாறிப்போன ஒருவர் ஒரு வாளி பாறை கொடுத்தார். அதில் இரண்டு பாறைகளின் மேல் பழுப்பு நிறத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சதைப்பூக்கள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். அது வேகமாகப் பரவும், மற்ற பவளங்களை அமுக்கிவிடும், வெறுங்கையால் தொட வேண்டாம், வாளியிலேயே கிடக்கட்டும், திங்கட்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். அதில் பரவும் என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. பயந்தவனுக்குத் திங்கட்கிழமை ரொம்ப தூரம்.

சனிக்கிழமை காலை நல்ல மழை. மனைவி பள்ளியில், பாப்பா இரண்டு தெரு தள்ளி என் மச்சினி வீட்டில். பாறையிலிருக்கும் பூச்சி, புழு, பொத்தான் எல்லாவற்றையும் ஒரே அடியில் ஒழிக்க எனக்கு ஒரு வழி தோன்றியது. கொதிக்கும் தண்ணீரில் எது பிழைக்கும்? வீட்டில் பாறை கொள்ளும் பாத்திரம் ஒன்றுதான் இருந்தது. அவள் ஒரு மணிக்குத்தான் வருவாள், அதற்குள் கழுவி வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஊசி போகும் இடத்தைப் பார்ப்பான், உலக்கை போகும் இடத்தைப் பார்க்க மாட்டான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். வெந்நீர் தெறிக்குமே என்று கையுறை போட்டேன், கண்ணாடி போட்டேன், கிரீஸ் புகைக்கு வேலையில் மாட்டும் வடிகட்டி வைத்த முகமூடியும் போட்டேன். மழைச்சாரல் அடிக்குமென்று சமையல்கட்டு ஜன்னலைச் சாத்தினேன். புகைபோக்கி மின்விசிறி ஓடவில்லை. அதன் ஸ்விட்சில் 'பழுது' என்று அட்டை கட்டித் தொங்கவிட்டவனே நான்தான், மூன்று மாதத்துக்கு முன். பாறை முக்கால் மணி நேரம் கொதித்தது. அறை முழுக்க ஆவி நின்றது. தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டி, பாறையை பால்கனி வாளியில் போட்டு, பாத்திரத்தைத் தேய்த்து அதன் இடத்திலேயே கவிழ்த்து வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தி.

பதினைந்து நிமிடத்தில் மனைவி வந்துவிட்டாள். தலை நனைந்திருந்தது. என்ன இப்படிப் புழுங்குகிறது என்று கேட்டுக்கொண்டே சமையல்கட்டில் நின்று தேநீர் போட்டாள், அங்கேயே நின்று குடித்தாள், அடுப்பில் கையைச் சூடு காட்டினாள். நான் ஹாலில் உப்பின் அளவைச் சோதித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தொண்டை லேசாகக் கரகரத்தது. மழை என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கு அவளுக்குக் குளிர் எடுத்தது. இரண்டரைக்கு இருமல். மூன்று மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கினாள். "வாயில இரும்பை நக்கின மாதிரி இருக்குங்க," என்றாள். மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடிவிட்டு விசில் ஊதுகிறவள், குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த டாக்டரம்மா மழைக்காலக் காய்ச்சல் என்றார். அன்றைக்கு அதே மாதிரி ஏழாவது ஆளாம். விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்கள். அதன் பெட்டியில் ரத்தத்திலிருக்கும் ஆக்சிஜன் அளவு தெரிந்தது. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்றைந்துக்குக் கீழே போகக் கூடாது என்று தாதி சொன்னதும் நான் அந்தப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு மீன்கடைக்காரர் கூப்பிட்டார். பவளத்தை எடுக்க வரவில்லையே என்று கேட்கத்தான். நடந்ததைச் சொன்னேன். பாறையை நானே கொதிக்க வைத்துச் சுத்தம் செய்துவிட்டேன் என்றும் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"வீட்டுக்குள்ளயா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா."

"சார், அந்தப் பழுப்புப் பூவுல இருக்கறது விஷம். வெந்தாலும் சாகாத விஷம். ஆவியில ஏறி மூச்சுல போயிடும். காய்ச்சல்னு விட்டுடாதீங்க, உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. பேரை எழுதிக்கங்க." எழுத்து எழுத்தாகச் சொன்னார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். வியர்வையில் மை ஊறியது.

சொன்னேன், டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அதுவரை நான் யோக்கியன்தான். அவர் கட்டிலருகிலேயே நின்று, எங்கே கொதிக்க வைத்தீர்கள், எதில் என்று கேட்டார். மனைவி கண்ணை மூடியிருந்தாள், ஆனால் தூங்கவில்லை. இமை துடித்தது. அந்தப் பாத்திரத்தின் அடியிலிருந்த அவள் பெயர் என் கண்முன் வந்து நின்றது.

"பால்கனியிலதான் டாக்டர். பழைய தகர டின்ல."

"திறந்த இடமா? அப்ப இவங்க பக்கத்துல இருந்தாங்களா?"

"இல்ல டாக்டர். வீட்டுலயே இல்ல."

அவர் என் உள்ளங்கையிலிருந்த பெயரைப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அப்படியென்றால் இவ்வளவு தூரம் பாதிக்க வாய்ப்பில்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் அவசரப்படாததற்குக் காரணம் நான்.

தொண்ணூற்று இரண்டு ஆனது. இப்போது போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன், உட்கார்ந்தேன். முதலில் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாரே. தொண்ணூற்று ஒன்று. அதுதான் விஷத்தின் பெயரைச் சொல்லிவிட்டோமே, டின்னாவது பாத்திரமாவது, படித்தவர்களுக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? என் தேள் என்னைக் கொட்டவில்லை, அவளைக் கொட்டியிருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட் குழிக்குள் ஒருவர் நிற்கும்போது மேலே பொத்தானை அழுத்துகிறவனை நான் கொலைகாரன் என்று திட்டியிருக்கிறேன். எண்பத்தொன்பது ஆனதும் தாதி ஆக்சிஜன் முகமூடியை மாட்டினாள். முகமூடிக்குள் மனைவியின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆறரை மணிக்கு மச்சினி கூப்பிட்டாள்.

"மாமா, அக்காவுக்குத் துணி எடுக்க உங்க வீட்டுக்கு வந்திருக்கோம். பாப்பா மழையில தொப்பலா நனைஞ்சுட்டா. குளிக்க வெந்நீர் வைக்கிறேன், அக்காவோட பெரிய பாத்திரத்தை அடுப்புல ஏத்திட்டேன். ஜன்னலெல்லாம் சாத்திக் கிடக்கு, உள்ள ஒரே புழுக்கம். அக்கா எப்படி இருக்கா?"

சொல்ல வாய் எடுத்தால் காற்றுதான் வந்தது. பிறகு வந்த குரல் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

"அடுப்பை அணை. பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய ஓடு. அந்தப் பாத்திரத்துலதான் விஷப்பாறையைக் கொதிக்க வச்சேன். சமையல்கட்டுலதான் வச்சேன். கதவைத் திறந்துட்டு ஓடு, எதையும் தொடாத, ஓடு."

கட்டில்களிலிருந்து தலைகள் நிமிர்ந்தன. டாக்டரம்மா கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். என்னைத் திட்டவில்லை, அதற்கு அவருக்கு நேரமில்லை. மூடிய அறையா, எத்தனை மணிக்கு, இவங்க எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாங்க என்று மூன்றே கேள்விதான். பத்து நிமிடத்தில் மனைவியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது, நுரையீரலையும் இதயத்தையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் வழி, ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். சக்கரக் கட்டில் என்னைத் தாண்டிப் போனபோது அவள் கண் திறந்திருந்தது.

பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழ்த்தளத்துக்காரர் வீட்டில் இருவரையும் தலை முதல் கால் வரை குளிக்க வைத்து, டாக்டரம்மா சொன்னபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். மச்சினிக்கு மட்டும் லேசான இருமல். அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் கடைக்காரர் தகுந்த முகமூடியும் உடுப்புமாகப் போய், பாறையையும் பாத்திரத்தையும் இரட்டைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, சமையல்கட்டைக் கழுவித் திறந்து போட்டுவிட்டு வந்தார்.

மூன்று இரவு தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் சேதி என்று எழுந்தேன். வேண்டாத தெய்வமில்லை. தூங்கினால் அவள் மூச்சு நின்றுவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு, அதனால் தூங்கவும் இல்லை.

நான்காம் நாள் காலை அவளைப் பழைய வார்டுக்கே மாற்றினார்கள். முகத்தில் முகமூடி இல்லை, மூக்கில் மெல்லிய குழாய் மட்டும். ஒரு வாக்கியம் பேச இரண்டு தடவை மூச்சு எடுக்க வேண்டியிருந்தது.

"மீனுக்குச் சாப்பாடு போட்டீங்களா?"

மீன்களைக் கடைக்காரர் தன் தொட்டிக்கு எடுத்துப் போய்விட்டார், நன்றாக இருக்கின்றன என்றேன். எங்கள் தொட்டியையும் விற்கச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"பாத்திரம்?"

"போச்சு."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. தாதியைக் கூப்பிட எழுந்தவனை மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். இருமல் அடங்கும்வரை விடவில்லை.

"அன்னைக்கு நான் முழிச்சுட்டுத்தான் இருந்தேன்," என்றாள். "டின்னுன்னு சொன்னது கேட்டுச்சு."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாப்பான்னதும் உங்களுக்கு வாய் வந்துச்சு." ஒரு மூச்சு எடுத்தாள். "எனக்காக வரலையே."

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்பது போலத்தான் சொன்னாள். பிறகு கையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் விரலில் மாட்டியிருந்த கவ்வியைச் சரி செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. பெட்டியைப் பார்த்தேன், தொண்ணூற்றேழு என்று காட்டியது.